காஞ்சியில் எதை வாங்கிப் போட்டாலும் லாபமா?

"பரந்தூர்ல ஏர்போர்ட் வருது சார். பெரிய காஞ்சிபுரத்துல எதை வாங்கிப் போட்டாலும் அஞ்சு வருஷத்துல டபுள்." பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் தரகர்கள் சொல்லும் இந்த வசனத்தை நம்பி, ஓய்வூதியப் பணத்தோடு வருபவர்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

விமான நிலையம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து ஏகனாபுரத்து மக்கள் நிலம் தரமாட்டோம் என்று போராடுகிறார்கள். விமானம் எப்போது பறக்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. மனை விலையில் மட்டும் அது எப்போதோ தரையிறங்கிவிட்டது. போதாததற்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் அன்றே 2.70 லட்சம் போய்விடும். விலை அந்த அளவு ஏறினால்தான் போட்ட முதலே திரும்பும்.

"வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிடும்" என்பார்கள். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் 10,000 ரூபாய் வாடகை என்று வையுங்கள். வருஷத்துக்கு 1.20 லட்சம், அதாவது 2.4 சதவீதம். வீட்டுக்கடன் வட்டி இதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு, சில கடன்களில் அதற்கும் மேல். அத்திவரதர் தரிசனத்தின்போது அறை வாடகை எகிறியதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது 2019-இல், 48 நாள். அடுத்தது 2059-இல். அத்திவரதர் கோயில் இருப்பதும் சின்ன காஞ்சிபுரத்தில்!

"கோயில் பக்கத்து இடம், தங்கம்" என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பேச்சு. கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. வீடுகளுக்கு நடுவே சின்னதாக நிற்கும் முக்தீசுவரர், மதங்கீசுவரர் கோயில்களும் அப்படியே. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இவற்றின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் கட்ட, தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையோடு அனுமதி பெற வேண்டும். பழைய ஓட்டுவீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பலாம் என்று கணக்குப் போட்டவருக்கு, அனுமதி பெற்று ஓடு மாற்றும் உரிமைதான் மிஞ்சும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அடிமனை. வீடு ஒருவருடையது, மண் கோயிலுடையது. அறநிலையத்துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் அந்த மண்ணை விற்க முடியாது. "நாப்பது வருஷமா நாங்கதான் இருக்கோம், யாரும் கேட்டதில்லை" என்பார் விற்பவர். கேட்காதது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கோயில் தன் நிலத்தை மீட்க வழக்குப் போடக் காலவரம்பு கிடையாது என்கிறது அதே சட்டத்தின் 109-ஆம் பிரிவு. நீங்கள் வாங்குவது சுவரும் ஓடும் ஒரு வாடகைதாரர் பாத்தியதையும்தான். வாடகைப் பாக்கி இருந்தால் அதுவும் உங்கள் தலையில்.

"வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, கிளியர்." வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் முன்கட்டு தம்பிக்கு, தறி போட்ட கூடம் அண்ணனுக்கு என்று வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு இரண்டு தலைமுறை ஓடியிருக்கும். எழுத்தில் ஒன்றும் இராது. கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளுக்குப் பங்கு கேட்கும் உரிமை உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. குழித்தறிக்குப் பக்கத்தில் நின்று வீட்டைச் சுற்றிப்பார்க்கும்போது, இன்னும் யார் யார் கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்பவர் குறைவு.

ஊருக்கு வெளியே "பஞ்சாயத்து அப்ரூவல்" மனை என்றால் விவாதமே வேண்டாம். நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதானால், அட்வான்ஸுக்கு முன்னால் சர்வே எண்ணோடு கோயில் செயல் அலுவலரைப் பார்த்துக் கேளுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், நாளைக்கே வேற பார்ட்டி வருது" என்று தரகர் அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.