இருமல்தானே என்று இருந்துவிடலாமா?



வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்தாவில் கூடும் எம்மவரிடம் கேட்டால், ரியாத் தூசியில் இருமாத ஆள் யார் என்று சிரிப்பார்கள். பாணி மருந்து ஒரு போத்தல் வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போவது எமக்குப் பழகிப்போன காரியம். மருத்துவப் பரிசோதனையின் நெஞ்சுப் படத்தில் ஏதும் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் இருமலை மறைப்போரும் எம்மில் உண்டு.

எல்லா இருமலும் தூசியால் வருவதல்ல. சிலரின் உடலில் பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு. கிருமியை எதிர்க்கும் இமியூனோகுளோபுலின் என்ற புரதம் இவர்களின் இரத்தத்தில் போதிய அளவு இராது. சளிக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து, மூச்சுக் குழாய்கள் விரிந்து பழுதாகி, கடைசியில் ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல் நாலடி நடக்க முடியாத நிலை வரும். அப்போதுதான் நுரையீரல் மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு எழுகிறது.

இந்தச் சிகிச்சை 1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் முதன்முதல் செய்யப்பட்டது. நோயாளி 18 நாட்களே வாழ்ந்தார். நாம் ஊரை விட்டு ஓடத் தொடங்கிய அதே 1983இல், பின்னாளில் எம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய ரொறன்ரோவில், 58 வயதான ஒருவருக்கு ஒரு நுரையீரல் மாற்றப்பட்டது. அவர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இன்று எமது ரியாத் நகரின் மன்னர் பைசல் சிறப்பு வைத்தியசாலையிலும், சென்னையிலும் இது செய்யப்படுகிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிறருடைய நுரையீரலை உடல் அந்நியமாகவே பார்க்கும். அதைத் தாக்காதிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். சிறுநீரகம் உடலுக்குள் மூடியிருக்கிறது. நுரையீரலோ ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றையும் அதிலுள்ள கிருமியையும் சந்திக்கிறது. ஏற்கனவே பலவீனமான காவலாளியை இன்னும் பலவீனமாக்கிவிட்டு வாசலைத் திறந்து வைப்பது போன்றது இது. மறைந்து கிடக்கும் காசநோயும் அந்த வேளையில் தலைதூக்கலாம். உலகளவில் பார்த்தால், மாற்று நுரையீரல் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரே ஆறேழு ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள்.

அப்படியானால் இவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. மற்றவர்கள் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இமியூனோகுளோபுலினைத் தொடர்ந்து ஏற்றியபடியே இத்தகையோருக்கு மாற்றுச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. வைத்தியர்கள் நெடுநாள் பரிசோதித்தே முடிவெடுப்பார்கள்.

நாம் சொல்ல விரும்புவது அதற்கு முந்திய கதையை. இந்தப் புரதத்தை ஊசியாக ஏற்றும் முறை 1952 முதலே தெரிந்தது. குறைபாட்டை வேளைக்கே கண்டுபிடித்து அதை ஒழுங்காக ஏற்றி வந்தால், பலருடைய நுரையீரல் பழுதாகாமல் காக்கப்படும். கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஓர் இரத்தப் பரிசோதனைதான்.

ஒரே ஆண்டில் இரண்டு தடவை நியூமோனியா வந்தாலோ, நாலு தடவை காதில் சீழ் வைத்தாலோ, இரண்டு மாதம் அன்ரிபயோட்டிக் எடுத்தும் குணமில்லை என்றாலோ பேசாமல் இருக்க வேண்டாம். இமியூனோகுளோபுலின் அளவைப் பார்க்கும்படி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். மச்சான் மச்சாள் முறையில் சொந்தத்துக்குள் மணம் முடித்த குடும்பங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இக்குறைபாடுகளில் சில, நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன.

2018 முதல் சவூதியில் வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இறுக்கப்பட்டுள்ளது. இதைத் தொல்லையாக எண்ணாமல், வைத்தியரைக் காணக் கிடைத்த சந்தர்ப்பமாகக் கொள்ளுங்கள்.

உழைத்து அனுப்பும் காசை ஊரில் எத்தனையோ பேர் எதிர்பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது காசை மட்டுமல்ல, உங்களையும்தான். அடுத்த இதழில் சந்திப்போம்.