முதலில் வந்தது முதல் தரமா?

சந்தேகம் வந்தால் பெரியவர்களைக் கேட்ட காலம் மாறிவிட்டது. இப்போது செல்போனைக் கேட்கிறார்கள்.

நெல்லுக்கு என்ன உரம் போடுவது? குழந்தைக்குக் காய்ச்சல், என்ன செய்வது? பாங்கியின் போன் நம்பர் என்ன?

கேட்ட மாத்திரத்தில் பதில் வந்து நிற்கிறது. பதில் தேடித் தரும் எந்திரத்துக்குத் "தேடுபொறி" என்று பெயர்.

கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. நல்ல வசதிதான். ஆனால், இந்தப் பதிலைத் தருவது யார்? அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல், முதலில் வந்த பதிலை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பலர்.

எப்படித் தேடுகிறது?

கேள்வி கேட்ட பிறகுதான் எந்திரம் உலகமெல்லாம் ஓடித் தேடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல.

தேடுபொறி இரவு பகலாக இணையப் பக்கங்களைப் படித்துக்கொண்டே இருக்கிறது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்கிறது. பெரிய புத்தகத்தின் கடைசியில் சொல் அட்டவணை இருக்கும் அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும்.

கேள்வி வந்ததும் அந்த அட்டவணையைப் புரட்டுகிறது. பொருத்தமான பக்கங்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். எதை மேலே காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது? இந்த இடத்தில்தான் ஒரு தேடுபொறிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு பிறக்கிறது.

பிறந்த கதை

1990-ம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆலன் எம்டேஜ் என்ற மாணவர் "ஆர்ச்சி" என்ற கருவியை உருவாக்கினார். அதுவே தேடுபொறிகளுக்கு முன்னோடி. அது கோப்புகளின் பெயரை மட்டும் தேடித் தந்தது.

1994-ல் அமெரிக்காவில் "யாகூ" தோன்றியது. அதில் மனிதர்களே பக்கங்களைப் பார்த்து, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது போலத் தலைப்பு வாரியாக அடுக்கினார்கள். இணையம் பெருகியது. கையால் அடுக்கிக் கட்டுப்படியாகவில்லை.

1998-ல் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு இளைஞர்கள் "கூகுள்" நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய யுக்தி எளிமையானது. ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன? சுட்டிக் காட்டும் பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு? இதைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தினார்கள். ஊரில் நாலு பெரிய மனிதர்கள் நல்லவர் என்று சொன்னால், அவரை நம்புகிறோம். அது போலத்தான்.

இன்று உலகில் மிக அதிகமானோர் பயன்படுத்துவது கூகுள்தான். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2015 முதல் அதன் தலைமை நிர்வாகியாக இருக்கிறார். தமிழர்களுக்கு இதில் பெருமை உண்டு. ஆனால், பெருமைக்காக விழிப்பை விட்டுவிடக் கூடாது.

கடை பல, கிடங்கு சில

கூகுளைத் தவிர வேறு தேடுபொறிகளும் இருக்கின்றன. கடைத்தெருவில் பல கடைகள் இருப்பது போலத் தோன்றும். ஆனால், பல கடைகளுக்குச் சரக்கு வருவது ஒரே கிடங்கிலிருந்து!

சொந்தமாகப் பெரிய அட்டவணை வைத்திருப்பவை சிலதான். கூகுள் ஒன்று. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2009-ல் கொண்டுவந்த "பிங்" இன்னொன்று. 2021-ல் வந்த "பிரேவ்" என்ற சிறிய தேடுபொறியும் சொந்த அட்டவணை வைத்திருக்கிறது.

பழைய யாகூ இப்போது பிங்கின் சரக்கையே காட்டுகிறது.

2008-ல் தொடங்கிய "டக்டக்கோ"வும் பெரும்பாலும் பிங்கிடமிருந்தே பதில்களை வாங்குகிறது. ஆனால், அதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. யார் எதைத் தேடினார் என்று குறித்து வைப்பதில்லை என அது வாக்குக் கொடுக்கிறது. நோயைப் பற்றியோ, கடனைப் பற்றியோ தேடுகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

ஜெர்மனியின் "எக்கோசியா" 2009-ல் பிறந்தது. அதுவும் பிங், கூகுள் ஆகியவற்றின் பதில்களைப் பயன்படுத்துகிறது. லாபத்தைக் கொண்டு மரம் நட உதவுகிறது.

ரஷ்யாவில் "யாண்டெக்ஸ்", தென் கொரியாவில் "நேவர்", சீனாவில் "பைடு" ஆகியவை பெயர் பெற்றவை. சீன அரசு விரும்பாத செய்திகளைப் பைடு காட்டுவதில்லை. ஆகவே, தேடுபொறி எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதும் பதிலை மாற்றும்.

காசு கொடுப்பது யார்?

தேடுபொறிகளுக்கு வருமானம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருகிறது. ஒரு சொல்லைத் தேடினால் தன் பெயர் மேலே வர வேண்டும் என்று வியாபாரி பணம் கட்டுகிறார். அந்தப் பெயரை யாராவது தொட்டால், தேடுபொறிக்குக் காசு.

விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி, தேடுகிறவர்களைவிட விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எச்சரித்தது. எழுதியவர்கள் யார்? பேஜ், பிரின் இருவரும்தான்! இரண்டே ஆண்டுகளில், 2000-ல், கூகுளும் விளம்பர வியாபாரத்தில் இறங்கியது.

புதுச் செல்போனில் எந்தத் தேடுபொறி முதலில் நிற்க வேண்டும் என்பதிலும் பணம் விளையாடுகிறது. இதற்காக, 2021-ம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலரைக் கூகுள் பிறருக்குக் கொடுத்தது. அமெரிக்க நீதிமன்ற வழக்கில் இது வெளிவந்தது. தேடுதலில் கூகுள் சட்ட விரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். தன்னை மட்டுமே வைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடக் கூடாது என 2025 செப்டம்பரில் தடையும் விதித்தார்.

இவ்வளவு பணம் ஏன் கொட்டுகிறார்கள்? போனில் எது இருக்கிறதோ அதையே ஜனங்கள் பயன்படுத்துவார்கள். மாற்ற மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

குடும்பத்துக்கு என்ன ஆபத்து?

பணம் அனுப்பியதில் ஏதோ தவறு. பாங்கியின் உதவி நம்பரைத் தேடுகிறார் ஒரு குடும்பத் தலைவி. மோசக்காரர்கள் தங்கள் நம்பரைப் பாங்கியின் நம்பர் போல இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த நம்பருக்குப் போன் செய்தால் இனிமையாகப் பேசுவார்கள். ரகசிய எண்ணைக் கேட்பார்கள். சொன்னால், கணக்கு காலி!

பிங்கில் தேடினாலும், கூகுளில் தேடினாலும் இந்த ஆபத்து உண்டு. பாங்கியின் நம்பரைப் பாஸ்புக்கிலோ, கார்டின் பின்புறத்திலோ பார்ப்பதே பத்திரம். பணம் பறிபோனால், உடனே 1930 என்ற அரசு உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

இன்னொரு புதுமையும் வந்திருக்கிறது. பக்கங்களைக் காட்டுவதோடு நில்லாமல், செயற்கை அறிவு எந்திரமே பதிலை எழுதித் தருகிறது. கூகுள் 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் இதைப் பரவலாகக் கொண்டுவந்தது. பீட்சா மீது பாலாடைக்கட்டி ஒட்டாவிட்டால் பசை சேர்க்கலாம் என்று அது ஒருவருக்கு யோசனை சொன்னது! இணையத்தில் யாரோ வேடிக்கையாக எழுதியதை உண்மை என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை.

பசை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மருந்தின் அளவு என்றால்?

செய்ய வேண்டியது

முக்கியமான விஷயத்தை இரண்டு தேடுபொறிகளில் கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒரே கிடங்கைச் சேர்ந்தவையாக இருக்கக் கூடாது. கூகுளும் பிங்கும் என்றால் சரி.

மேலே நிற்கும் பதிலின் அருகே "விளம்பரம்" என்றோ, "ஸ்பான்சர்" என்றோ பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார் என்று கவனிக்க வேண்டும். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை தேடினால் வெவ்வேறு பக்கங்கள் கிடைக்கும். உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் போவதே முறை.

பிள்ளைகளுக்குச் செல்போனைத் தள்ளத் தெரிகிறது. விளம்பரம் எது, விஷயம் எது என்று பிரிக்கத் தெரிகிறதா? பள்ளிக்கூடங்களில் இதைப் பாடமாகவே சொல்லிக் கொடுக்க வேண்டும். தேடுபொறி நிறுவனங்களும் "விளம்பரம்" என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். பொடி எழுத்தில் போடுவது, எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஏழையை ஏமாற்றுவதற்குச் சமம்.