முகம் மாறினால் போதுமா?

பழைய இசைத் திரைப்படங்களைப் புதிய நடிகரைக் கொண்டு மீண்டும் எடுக்கலாமா என்னும் வினா இன்று எழுந்துள்ளது. "காவியமாகிவிட்ட படங்களில் கைவைத்தல் தகாது" என்பர் ஒரு சாரார். "வெள்ளையர் சாயம் பூசிக்கொண்டு ஆசியராக நடித்த காலம் போயிற்று, உரியவர்க்கு உரிய வேடத்தைக் கொடுத்துவிட்டால் குறை தீர்ந்தது" என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் நோயை நாடாமல் மருந்தைப் பற்றி வாதிடுகின்றனர் என்பதே என் கருத்து. அதனை ஒரு படத்தைக் கொண்டு நிறுவ விழைகின்றேன். அஃது ஓர் ஆசிரியையின் கதை. ஆதலின் ஆசிரியராகிய நமக்கு அதன்மேல் தனி உரிமை உண்டு.

1956ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி கிங் அண்ட் ஐ' என்னும் படமே அது. சயாம் நாட்டு மன்னர் மோங்குட்டின் அரண்மனைக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற அன்னா லியோனோவென்ஸ் என்பாரைப் பற்றியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாள்களில் அதனை ஒளிநாடாவில் கண்டேன். பாடல்களில் மயங்கினேன், அன்னாவைப் போல் ஆக வேண்டும் என்று கனவும் கண்டேன். பல்லாண்டுகளுக்குப் பின், ஆசிரியர் தினத்தன்று என் பள்ளி மாணவர்க்கு அதே படத்தைத் திரையிட்டேன். படம் முடிந்ததும் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அந்த அரசருக்கு ஒன்றுமே தெரியாதா? எல்லாவற்றையும் அந்த ஆசிரியைதான் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. அன்றிரவே நூல்களைத் தேடிப் புரட்டத் தொடங்கினேன்.

கண்டது யாது? திரையில் மோங்குட் சிறுபிள்ளை போல் சினந்து சீறுகின்றார். ஆங்கிலத் தூதரை எதிர்கொள்ளும் வழி அறியாது அன்னாவின் அறிவுரையை எதிர்நோக்குகின்றார். வரலாற்று மோங்குட்டோ அரியணை ஏறுமுன் இருபத்தேழு ஆண்டுகள் துறவியாக வாழ்ந்தவர். பாலி மொழியில் புலமை பெற்றவர். இலத்தீனும் ஆங்கிலமும் கற்றவர். ஆங்கிலத் தூதர் ஜான் பௌரிங்குடன் 1855ஆம் ஆண்டிலேயே உடன்படிக்கை செய்துகொண்டவர். அன்னா பாங்காக்கில் கால் வைத்ததோ அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1862ஆம் ஆண்டில்!

திரையில் அரசர் மனமுடைந்து, அன்னா அருகிருக்க, இறக்கின்றார். உண்மையில் அன்னா 1867ஆம் ஆண்டிலேயே சயாமை விட்டு நீங்கிவிட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழவிருந்த முழுச் சூரிய கிரகணத்தை முன்னதாகவே கணித்தறிந்த மோங்குட், அதனைக் காண விருந்தினரை அழைத்துச் சென்றார். சிங்கப்பூரிலிருந்து ஆளுநர் ஹாரி ஓர்டும் சென்றிருந்தார். கணிப்புப் பிழைக்கவில்லை. ஆனால், அவ்விடத்தில் பற்றிய மலேரியாக் காய்ச்சலால் அக்டோபர் முதல் நாள் மன்னர் உயிர் நீத்தார். அறிவியல் ஆர்வத்துக்கு உயிரையே விலையாகக் கொடுத்த ஒருவரை, அறிவுக்கு ஏங்கும் குழந்தையாக்கிக் காட்டியது அப்படம். இதுவே நோய். விளாடிவொஸ்தோக்கில் பிறந்த யூல் பிரின்னர் மோங்குட்டாக நடித்தது நோயின் அறிகுறியே அன்றி நோய் அன்று.

முகத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1999ஆம் ஆண்டில் பாடல்களை நீக்கி 'அன்னா அண்ட் த கிங்' என்று அக்கதை மீண்டும் படமாயிற்று. ஹாங்காங் நடிகர் சௌ யுன் ஃபாட் அரசரானார். தாய்லாந்து தன் மண்ணில் படப்பிடிப்புக்கு இசையவில்லை. நம் பேராக்கிலும் பினாங்கிலும் லங்காவியிலும் படம்பிடித்தனர். 1956ஆம் ஆண்டுப் படத்தைத் தடைசெய்த தாய்லாந்து இதனையும் தடைசெய்தது. தடையை நான் போற்றவில்லை. ஆயினும், ஆசிய முகம் வந்த பின்னும் அந்நாட்டாரின் மனக்குறை ஏன் தீரவில்லை என்று எண்ணிப் பார்க்க வேண்டாவா? அதே ஆண்டில் வந்த கேலிச்சித்திரப் படமோ, பாடல்களைக் காத்துக்கொண்டு அரசரின் அமைச்சரை மந்திரவாதியாக்கிற்று! பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றுவதற்குப் பெயர் சீர்திருத்தமா?

இனி, தொடவே கூடாது என்பாருக்கு ஒரு சொல். எதனைத் தொடக்கூடாது? அன்னா 1870இல் எழுதிய நினைவுநூல், மார்கரெட் லேண்டன் 1944இல் எழுதிய புதினமாயிற்று; அது 1946இல் திரைப்படமாகவும், 1951இல் ரோட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் ஆகியோரின் இசை நாடகமாகவும் ஆயிற்று. நீங்கள் காவியம் என்று காக்க முற்படும் படமே பன்முறை மாற்றி எழுதப்பட்ட ஒன்று. அவர்களுக்கு இருந்த உரிமை நம் காலத்தவர்க்கு இல்லை என்பது என்ன நீதி?

மாற்றி எழுதுவது எங்ஙனம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. 1961ஆம் ஆண்டுப் படத்தில் போர்ட்டோ ரிக்கோப் பெண்ணாக நதாலி வுட் நடித்தார். உண்மையாகவே போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரீத்தா மொரேனோவுக்கும் முகத்தில் பழுப்புச் சாயம் பூசினர். பிறப்பால் உரியவரும் அவர்கள் எண்ணிய நிறத்துக்கு மாற வேண்டியிருந்தது! 2021ஆம் ஆண்டில் ஸ்பீல்பெர்க் அதனை மீண்டும் எடுத்தபோது நடிகரை மட்டும் மாற்றவில்லை. டோனி குஷ்னரைக் கொண்டு கதையுரையையே புதிதாக எழுதச் செய்தார். ஏழைகளின் குடியிருப்புகள் இடிபடும் கொடுமை முன்னுக்கு வந்தது. ஸ்பானிய உரையாடல்கள் ஆங்கில எழுத்துத் துணையின்றி ஒலித்தன. மொரேனோ முதுமையில் வேறொரு வேடத்தில் திரும்பி வந்தார். படம் வசூலில் தோற்றது என்பர், உண்மையே. வசூல் தகுதிச் சான்றிதழ் ஆகாது.

'தி கிங் அண்ட் ஐ' படத்தை மீண்டும் எடுக்கப்போவதாக 2021ஆம் ஆண்டில் பாரமவுண்ட் நிறுவனம் அறிவித்தது. எடுப்பவர் யாராயினும் நாம் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மோங்குட்டை அறிஞராகக் காட்டுக. மாற்ற வேண்டியது முகப்பூச்சு மட்டும் அன்று, உரையாடல்.

இரண்டாவது, அன்னாவின் முகத்தையும் மாற்றுக! தாம் வேல்ஸில் பிறந்தவர் என்று அவர் சொல்லிக்கொண்டார். அவர் 1831ஆம் ஆண்டில் இந்தியாவின் அகமத்நகரில் பிறந்தவர் என்பதை ஆய்வாளர் பின்னர் வெளிப்படுத்தினர். தாய்வழியில் இந்தியக் கலப்பு உண்டு என்பதும் அவர்கள் கருத்து. கணவரை 1859இல் பினாங்கில் அடக்கம் செய்துவிட்டுச் சிங்கப்பூரில் சிறு பள்ளி நடத்திப் பிழைத்த கைம்பெண் அவர். 1946, 1956, 1999 ஆகிய மூன்று ஆண்டுப் படங்களிலும் அவராக நடித்தவர் வெள்ளை நடிகையரே. தம் பிறப்பை மறைத்துத்தான் மதிப்புப் பெற முடியும் என்று ஓர் ஆசிரியை அஞ்சிய கதை, எந்தப் பாட்டுக்கும் குறைந்ததன்று.

மூன்றாவது, பழைய படத்தை மறைத்துவிடாதீர். மூலத்தை எரித்துவிட்டு உரை எழுதிய உரையாசிரியர் நம் மரபில் இல்லை. பழையதும் புதியதும் அருகருகே இருந்தால்தான் மாணவன் ஒப்பிட்டுக் கற்பான். முன்னோர் பிழையை மறைப்பது கல்வி ஆகாது.

ஆசிரிய நண்பர்களே, ஒரு படம் ஆயிரம் வகுப்புகளுக்குச் சமமான பாடம் நடத்திவிடுகின்றது. யார் கற்பிப்பவர், யார் கற்பிக்கப்பட வேண்டியவர் என்று அது பிஞ்சு நெஞ்சில் எழுதிவிட்டால், அதனை அழிக்க நம் சுண்ணக்கட்டியும் அழிப்பானும் போதா.

அம்மாணவனுக்கு அன்று நான் விடை கூறவில்லை. இன்று கூறுகின்றேன்: "அரசருக்குத் தெரிந்திருந்தது, தம்பி. படம் எடுத்தவர்க்குத்தான் தெரியவில்லை."