மொட்டை யாருக்கு? பதவி யாருக்கு?

1944 ஆகஸ்ட் 25! பாரிசு நகரம் விடுதலை பெற்ற நாள். நான்கு ஆண்டுகள் இட்லர் படையின் காலடியிலே நசுங்கிக் கிடந்த மக்கள் வீதிக்கு வந்து ஆடினர், பாடினர், ஆனந்தக் கண்ணீர் வடித்தனர்.

அதே நாட்களில், அதே நாட்டின் வீதிகளிலே இன்னொரு காட்சி! நாற்காலியில் ஒரு பெண்; அவள் தலைமேல் கத்தி; சுற்றிலும் சிரிப்பு. ஜெர்மன் சிப்பாயோடு பழகினாளாம். சாட்சி உண்டா? விசாரணை உண்டா? எதுவும் இல்லை. மொட்டை அடித்து ஊர்வலம் விட்டனர். நாடு முழுவதும் இவ்விதம் அவமானப்படுத்தப்பட்டோர் ஏறத்தாழ 20,000 பேர் என்கின்றனர் வரலாற்று ஆசிரியர்கள். விசாரணையின்றிக் கொல்லப்பட்டோர் சுமார் 9,000 பேர். அவர்களிலே காட்டிக்கொடுத்த கயவர் பலர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், சொந்தப் பகைக்குத் தேசபக்திச் சாயம் பூசித் தீர்த்துக் கொண்டவர்களும் உண்டே!

மக்களின் ஆத்திரத்தில் நியாயம் இல்லையா? இருந்தது, தோழர்களே, மலையளவு இருந்தது! 1942 ஜூலையில் பாரிசிலே இரண்டே நாட்களில் சுமார் 13,000 யூதர்கள் பிடிக்கப்பட்டனர். அவர்களில் 4,000 பேருக்கு மேல் குழந்தைகள்! பிடித்தது ஜெர்மன் படையா? இல்லை, பிரான்சுப் போலீஸ்! அந்தப் போலீசின் தலைமைப் பீடத்தில் இருந்தவர் ரெனே பூஸ்கே.

பிறகு தெகோல் சர்க்கார் தனி நீதிமன்றங்கள் அமைத்தது. முன்னாள் பிரதமர் லவால் 1945 அக்டோபரில் சுடப்பட்டார். மார்ஷல் பெத்தேனுக்கு விதித்த மரண தண்டனை ஆயுள் சிறையாயிற்று. சரி, பூஸ்கே? 1949-இல் அவருக்கு ஐந்தாண்டு குடியுரிமை இழப்பு என்று தீர்ப்பு. படித்த வாய் மூடுமுன் அதுவும் ரத்து! சீமான் பாங்கு உத்தியோகத்தில் அமர்ந்தார்.

இன்னொருவர் மோரிஸ் பப்போன். போர்தோ வட்டாரத்து யூதர்களை மரண முகாமுக்கு ஏற்றிய ரயில்களுக்குத் தாள்களிலே கையெழுத்திட்ட அதிகாரி. அவருக்கு மொட்டையா அடித்தார்கள்? 1958-இல் பாரிசுப் போலீஸ் தலைவர் பதவி தந்தார்கள்! 1961 அக்டோபர் 17 அன்று, அவருடைய போலீஸ், ஊர்வலம் வந்த அல்ஜீரியத் தொழிலாளரை அடித்தும் சுட்டும் கொன்றது. சேன் ஆற்றிலே வீசியது. பின்னர் மந்திரியும் ஆனார்.

பார்த்தீர்களா பழியின் இலட்சணத்தை! அதற்குக் கை உண்டு, கண் இல்லை. எட்டிய இடத்தில் நிற்கும் ஏழையை அடிக்கும். மாடியிலே இருப்பவனுக்கு அதன் கை எட்டாது.

அவர்களை எட்டியது எது? காகிதம்! 1981-இல் ஒரு பத்திரிகை பப்போன் கையெழுத்துள்ள தாள்களை வெளியிட்டது. 1998-இல் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. முதுமையைக் காட்டி அவர் இடையிலே வெளியே வந்தது உண்மை. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அழியவில்லை.

பூஸ்கே மீதும் வழக்கு வந்தது. விசாரணைக்கு முன்பே, 1993 ஜூனில், ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். வீரம் என்பீர்களா? குழந்தைகளைப் பிடிக்க உத்தரவிட்டவன் கூண்டிலே நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். உடனிருந்தோர் பெயர்கள் வெளிவந்திருக்க வேண்டும். அந்தத் துப்பாக்கி அத்தனையையும் புதைத்தது.

கோபம் வேண்டும், தோழர்களே! அது கத்தியைத் தேடாமல் கையெழுத்தைத் தேடட்டும். பழி பிணத்தோடு முடியும்; நீதிதான் பெயர்களை வெளியே கொண்டுவரும்!