புத்தகத்தை மூடுவதும் படிப்புதான்

பொதுத்தேர்வு நெருங்கினால் வீட்டுக்கு வீடு கேட்கும் சொல், "இன்னொரு தடவை படி." பிள்ளையும் கோடு போட்ட பக்கங்களையே திரும்பத் திரும்பப் புரட்டுகிறது. வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. பழகியதெல்லாம் மனதில் பதிந்துவிட்டதாக நம்பிவிடுகிறது. இந்த நம்பிக்கைதான் தேர்வறையில் காலை வாருகிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் இதைச் சோதித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு குழுவினர் நான்கு சுற்றுகளிலும் ஒரே பாடப்பகுதியைப் படித்தார்கள். இன்னொரு குழுவினர் முதல் சுற்றில் மட்டும் படித்தார்கள். மற்ற மூன்றிலும் பாடத்தைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஒரே சுற்றில் பல தடவை படிக்க முடிந்ததால், முதல் குழு மொத்தத்தில் சராசரியாக 14 தடவை படித்திருந்தது, இரண்டாம் குழு மூன்று, நான்கு தடவைதான். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழுவே முந்தியது. ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவில் நின்றது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61 சதவீதம். இத்தனைக்கும், ஒரு வாரத்துக்குப் பிறகும் நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் உறுதியோடு சொன்னவர்கள் முதல் குழுவினரே.

நினைவிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் முயற்சியே அந்த நினைவை வலுவாக்குகிறது. எடுக்கச் சிரமப்படுவதைப் படிப்பு ஏறாததன் அடையாளமாகப் பார்ப்பது தவறு.

இதுவும் மனப்பாடம்தானே என்று சிலர் கேட்கக்கூடும். 2011இல் கார்பிக்கி 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பாடத்தைப் பார்த்துக் கருத்து வரைபடம் போட்டவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், யோசித்து விடை சொல்ல வேண்டிய கேள்விகளிலும் மேலாகச் செய்தார்கள்.

நம் பள்ளிகளில் சிலிப் டெஸ்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் மதிப்பெண் போட்டு, பெற்றோர் கையெழுத்துக் கேட்டு, கற்கும் கருவியைத் தண்டனையாக்கிவிட்டோம். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலையே 2017இல் நிறுத்த முடிந்தது. வாராந்திர சிலிப் டெஸ்டின் மதிப்பெண்ணை நிறுத்துவது அதைவிடக் கடினமா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலை புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "என்ன படிச்சே, சொல்லு" என்று கேளுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.