பிழையும் பிழைப்பும்

தமிழ்நாட்டின் வடகிழக்குக் கோடியில் ஆந்திர நாட்டோடு எல்லை கலந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்த பெருமை இதற்கே உரியது. ஆரணியாறும் காளங்கியாறும் கொணரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீரும் ஈண்டு ஒன்றாகின்றன. ஏரிக்கரை ஊர்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சுண்ணாம்புக்குளம். இத்தகைய ஊர்களில் வெயில் ஏறியபின் சென்று காண்போர், மர நிழலில் வலையைக் காற்பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் செப்பனிடும் முதியவரைக் காணலாம்.

மீனவரின் பொறுமை என்றவுடன், தூண்டிலைப் பிடித்துக்கொண்டு அசையாது அமர்ந்திருக்கும் ஒருவரின் உருவமே பலர் மனத்தில் தோன்றும். அது பொறுமையின் எளிய பாதி. மீன் வருமளவும் காத்திருத்தல் கொக்குக்கும் இயல்வதே. அரிய பாதி கரையில் உள்ளது. தன் கையால் தவறாக இட்ட முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்து மீண்டும் இடுவதற்கு வேண்டும் பொறுமை அது. பள்ளியிற் பயில்வார்க்கு மிகுதியும் வேண்டுவதும், மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுவதும் இந்த இரண்டாம் பொறுமையே.

வலை பின்னுதற்கு வேண்டும் கருவிகள் சிலவே. நூல் சுற்றிய தட்டையான ஊசி ஒன்று. கண்ணின் அளவைக் காக்கும் மூங்கிற் பட்டை ஒன்று. நூலைப் பட்டையின்மேற் படியவிட்டு, மேல்வரிசைக் கண்ணினுள் ஊசியை நுழைத்து இழுத்து, இரண்டும் கூடும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னர் நூலை ஒரு வளையமாக வீசி, கண்ணின் இரண்டு இழைகளுக்கும் பின்னாக ஊசியைச் செலுத்தி, வளையத்தின் வழியே வாங்கி இறுக்கினால் ஒரு முடிச்சு முடியும். கட்டைவிரல் சற்றே நெகிழ்ந்தால் நூல் கண்ணுக்குக் கீழே சரிந்து உருவுமுடிச்சாகிவிடும். பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். நீரில் இழுவை ஏற்பட்டவுடன் ஒன்று நிற்கும், மற்றொன்று நழுவும்.

இம்முடிச்சு கடற்கரையார்க்கு மட்டும் உரியதன்று. தறியில் அறுந்த இழைகளை இணைக்கப் பயன்படும் முடிச்சின் வடிவும் இதுவே. 1613இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை எழுப்பியது இப்பகுதித் துணி வாணிகத்தின் பொருட்டு. ஆதலின் கரையில் மீனவரும் உள்நாட்டில் நெய்வாரும் நூலோடு போராடியே வாழ்ந்தனர் எனலாம். வலைத்தொழிலின் பழைமைக்கோ எல்லை காண்பது அரிது. பின்லாந்து நாட்டுக்கு அந்நாளில் உரியதாயிருந்த அந்திரேயா என்னும் ஊரில், 1913இல் ஈரப் புல்வெளி ஒன்றைத் தோண்டியபோது, மரப்பட்டை நாரால் முடியப்பெற்ற வலை ஒன்று கிடைத்தது. அது பதினாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று ஆய்ந்தோர் கணித்துள்ளனர். அதனை முடிந்தவரும் எத்தனை முடிச்சுகளை அவிழ்த்தாரோ!

ஒரு சிறுவன் முதன்முதல் ஊசி பிடிக்கும் நாளை எண்ணிப் பார்க்க. முடிச்சுக்கு முடிச்சு இரண்டு செண்டிமீட்டர் இடைவெளி உள்ள வலையில், ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ 2500 முடிச்சுகள் அமையும். அவற்றுள் ஒன்று தவறினால் என்ன என்று அவன் எண்ணுவது இயற்கை. தவறிய முடிச்சை விரலால் மறைத்துக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போவான். அருகிருக்கும் பாட்டனார் அதனைக் கண்டும் வெகுளார். “அவிழ்த்துப் போடு, பேராண்டி” என்று மட்டும் சொல்லித் தம் வேலையில் ஆழ்வார். அவனுடைய ஊசியைப் பறித்துத் தாமே முடிந்து கொடுக்கவும் மாட்டார். குழந்தையின் கணக்கைத் தாமே போட்டுக் கொடுத்துவிடும் பெற்றோர் அம்முதியவரிடம் சிலநாள் மாணவராதல் நன்று.

தமிழில் ‘பிழைத்தல்’ என்னும் சொல் தவறுதல் என்றும் பொருள்படும். உய்தல் என்றும் பொருள்படும். ‘பிழை’ குற்றம், ‘பிழைப்பு’ வாழ்வு. சொல் ஒன்றே இரு பொருளைச் சுமப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் ஏரிக்கரையில் அமர்ந்து நோக்குவார்க்கு அது தற்செயலாகத் தோன்றாது.

குளிர்நாட்டார் கம்பளி நூலால் பின்னும் பின்னலில் முடிச்சு இல்லை. கண்ணிக்குள் கண்ணி கோக்கப்படும். ஒரு கண்ணி நழுவினால் ஏணிபோலக் கீழ்வரிசைகள் பலவும் அவிழும். பிழை அங்கே உடனே கூவிவிடும். வலையிலோ பிழை வாய்திறவாது. முடிச்சோடு முடிச்சாகப் பதுங்கிக் கிடந்து, வலை நிறைந்து வரும் நாளிலேதான் தன்னைக் காட்டும். மனிதருடைய பிழைகளுள்ளும் இவ்விரு சாதியும் உண்டு. இரண்டாவதே கொடியது.

அதனினும் கொடியது, முதலில் ஊதியம் தரும் பிழை. இறாற்குஞ்சுகள் கடலிலிருந்து காயலுக்குள் வந்து வளர்ந்து, பின்னர் இனம்பெருக்கக் கடலுக்கே மீளும். வலைக்கண்ணை மிகச் சிறிதாக்கினால் முதல்நாள் வலை கனக்கும். வளர வேண்டிய குஞ்சும் அதில் அடங்கும். அப்பிழையை அறிவிக்கும் இழுவை சில பருவங்கள் கழித்தே வரும். அப்போது அவிழ்க்க முடிச்சே கையில் இராது. மூங்கிற் பட்டையின் அகலத்தைக் காப்பதும் ஆதலின் பொறுமையின் ஒரு பகுதியே.

இக்காலத்தில் வலைகள் பொறியால் பின்னப்பெற்று விலைக்கு வருகின்றனவே, கைத்தொழில் எதற்கு என்பார் உளர். பருத்தி வலை நீரில் மட்கும். அதனைக் காக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து உலர்த்திய காலம் ஒன்று இருந்தது. 1938இல் உலகுக்கு அறிவிக்கப்பெற்ற நைலான் அவ்வேலையைப் போக்கியது. ஆனால் அந்நூல் வழவழப்பானது. பருத்தியைக் கட்டிய ஒற்றை முடிச்சுக்கு அது எளிதில் அடங்குவதில்லை. ஆதலின் இரட்டை முடிச்சு வேண்டியதாயிற்று. புதுநூல் பழங்கையைப் புதுப்பிழைகளுக்கு உள்ளாக்கிப் புதுப்பாடம் கற்பித்தது. மேலும், பொறி பின்னிய வலையும் கிழியும். நண்டு அதனைக் குதறும். ஏரியில் உள்ள ஆளிப் படுகைகளின் கூர்விளிம்பு அறுக்கும். கிழிந்ததைச் செப்பனிடுவது இன்றும் மனிதர் கையே.

செப்பனிடுதல் காலத்தோடு நிகழ வேண்டும். ஏரியின் மீனவர் ஊர்கள் சிலவற்றில் ‘பாடு’ என்றொரு முறைமை நெடுங்காலமாக வழங்குகின்றது. இறால் வலை இடுதற்குரிய நல்லிடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. தன் முறை வரும் நாளில் வலை கிழிந்து கிடந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும், அடுப்போ காத்திராது. ஆயினும் அந்த அவசரத்திலும் கைதேர்ந்தவர் செய்யும் முதல் வேலை புதியவர்க்கு வியப்பளிக்கும். அவர் கத்தியை எடுத்துக் கிழிசலைப் பெரிதாக்குவார்!

அதன் காரணம் இது. பழுதற்ற முடிச்சு ஒவ்வொன்றினின்றும் நான்கு இழைகள் புறப்படும். கிழிசலின் ஓரத்திலோ ஒன்றும் இரண்டும் மூன்றுமாக இழைகள் தாறுமாறாய் நிற்கும். அவற்றின்மேல் அப்படியே பின்னினால் கண்கள் கோணும். ஆகவே தொடங்கும் முடிச்சிலும் முடிக்கும் முடிச்சிலும் மூன்று இழைகளும், இடையில் உள்ளவற்றில் இவ்விரண்டு இழைகளும் நிற்குமாறு, அறுந்த துணுக்குகளையும் சில நல்ல இழைகளையும்கூட அறுத்துக் களைவார். கையகலக் கிழிசல் முழ அகலமாகும். அதன்பின்னரே ஊசி புகும்.

மாணவர் ஏட்டில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. கணக்கின் விடை தவறியதும், விடையை மட்டும் அழித்துக் கரும்பலகையில் உள்ளதை எழுதிவிடுகின்றனர். மூன்றாம் வரியிலே தொடங்கிய பிழை மூன்றாம் வரியிலேயே கிடக்கின்றது. கட்டுரையில் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்த சொல் திருத்தப்படுகின்றது. அச்சொல்லை அங்கே கொணர்ந்த எண்ணம் திருத்தப்படுவதில்லை. இது மாணவர் குற்றம் மட்டும் அன்று. தவறிய விடைக்குச் சுழி இட்டுவிட்டு, அது தவறிய இடத்தைத் தேடுதற்கு ஒரு நாழிகையும் ஒதுக்காத வகுப்புமுறைக்கும் இதில் பங்குண்டு. பத்துக் கணக்குகளைத் தந்து விரைவதினும், தவறிய ஒன்றைத் தவறிய வரிவரைக்கும் பிரித்துப் பார்க்கச் செய்தல் மேலாகும். பிரிக்கும்போது ஏடு சற்றே அலங்கோலமாகத்தான் தோன்றும். முழ அகலம் திறந்த வலையும் அவ்வாறே தோன்றியது.

பிழைசெய்து கற்பதே கல்வி என்று சிலர் பிழையையே கொண்டாடத் தொடங்கியுள்ளனர். அதுவும் பொருந்தாது. ஒரே முடிச்சை ஒரே வகையாய் நூறுமுறை தவறவிடுவோன் நூறு பாடம் கற்றவன் அல்லன். கட்டைவிரல் எங்கே நெகிழ்ந்தது என்று ஒருமுறையேனும் நோக்கியவனே கற்றவன்.

நிழல் நகரும்போது முதியவரும் நகர்ந்து அமர்வார். மூன்று இழை முடிச்சில் தொடங்கிய ஊசி, வரிசை வரிசையாக இறங்கி, எதிர்முனையில் உள்ள மற்றொரு மூன்று இழை முடிச்சை அடையும். அதனை இறுக்கி, இருகையாலும் வலையை விரித்து ஒருமுறை இழுத்துப் பார்த்து, நூலை அறுத்துவிட்டு, அடுத்த கிழிசலைத் தேடத் தொடங்குவார்.