வருமானம் மட்டும் காவல் ஆகாது

மணமான பெண்கள் மீதான வன்முறை தனிமனிதக் குணக்கேடு மட்டுமல்ல; அதற்குச் சமூகக் காரணங்களும் உண்டு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில் இது 29.3 விழுக்காடு.

முதலில் சொல்லப்படும் காரணம் குடி. கணவன் அடிக்கடி குடிபோதையில் இருக்கும் பெண்களில் 70 விழுக்காட்டினர் இந்தியாவில் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்கிறது அதே ஆய்வு. ஆனால் குடிக்காத கணவன்மாரின் மனைவியரிலும் 23 விழுக்காட்டினருக்கு இதே நிலைதான். குடி வன்முறையைப் பெருக்குகிறது. அதன் வேர் வேறிடத்திலும் ஓடுகிறது.

கல்வி இரண்டாவது. இந்தியாவில் பள்ளிக்கே போகாத பெண்களில் 40 விழுக்காட்டினரும், பள்ளிப் படிப்பை முடித்தவர்களில் 18 விழுக்காட்டினரும் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். சில காரணங்களுக்காக மனைவியை அடிப்பது சரியே என்று நாட்டில் 45 விழுக்காடு பெண்களும் 44 விழுக்காடு ஆண்களும் கருதுகின்றனர். அடிபடுபவரே அடியை நியாயம் என்று ஏற்கும் மனநிலை வன்முறைக்குப் பெருந்துணை.

மூன்றாவது, பொருளாதாரம். மேலகரம் உள்ளிட்ட தென்காசி வட்டாரத்தில் பீடி சுற்றுவது பெண்களின் முக்கிய வேலை. இலையும் தூளும் வாங்கிவந்து, தட்டை மடியில் வைத்து, சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே எண்ணிக்கையை முடிக்க வேண்டும். அந்தக் கூலி மகளிர் குழுக் கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் போய்விட, எஞ்சியதைக் கணவன் கேட்கும்போது சண்டை தொடங்குகிறது. சம்பாதிப்பவர் ஒருவர், செலவை முடிவு செய்பவர் வேறொருவர் என்றால் வருமானம் காவலாகாது.

சொத்தின் நிலை வேறு. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் உடல் வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். இரண்டும் உள்ளவர்களில் 7 விழுக்காட்டினரே. போக ஓர் இடம் உள்ள பெண்ணை அடிக்கக் கை தயங்குகிறது. தமிழ்நாட்டில் மகளுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு 1989லேயே சட்டமானது. ஆனால் நகையும் சீருமே பங்கு என்று கருதிப் பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவது இன்றும் நடக்கிறது.

நான்காவது, பிறந்த வீட்டின் மௌனம். "அனுசரித்துப் போ" என்று திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு அடுத்த முறை சொல்ல ஆளில்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 விழுக்காட்டினரே உதவி நாடியிருக்கின்றனர்.

எனவே களப்பணியாளரின் பொறுப்பு பெரிது. வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வரும் பெண்ணிடம், மாமியாரோ கணவனோ அருகில் இல்லாதபோது, செவிலியர் தனியே கேட்க வேண்டும். "இனி அடிக்க மாட்டேன்" என்று கணவனிடம் எழுதி வாங்குவதோடு விவகாரத்தை முடிப்பது தீர்வல்ல. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. அச்சட்டத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலரையும் 181 உதவி எண்ணையும் அந்தப் பெண்ணுக்குத் தெரியப்படுத்த வேண்டும். காயத்துக்கு மருந்து கொடுக்கும் அன்றே, அவர் அன்றிரவு எங்கே தங்குவார் என்பதையும் கேட்டறிய வேண்டும்.